மணிகள் பிரிகின்றன, ரத்தம் பிரியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாயம், ஆன்டிபாடி எதுவும் சேர்க்காமல் ரத்தத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரிக்க ஒரு மைக்ரோஃப்ளூயிடிக் சிப் (முடியளவு வாய்க்கால்களில் திரவம் ஓடும் சில்லு) செய்திருக்கிறோம். உள்ளே தூண் வரிசைகள். தூண்களுக்கு இடையே 10 மைக்ரான். ஒவ்வொரு வரிசையும் முந்தையதிலிருந்து, அடுத்தடுத்த தூண்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தில் 20-இல் ஒரு பங்கு விலகி நிற்கிறது. 2 மைக்ரான், 5 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகள் சுத்தமாகப் பிரிகின்றன. பத்து மடங்கு நீர்த்த ரத்தத்தை நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர் விட்டால் சிவப்பணுக்கள் இரண்டு வாயிலிலும் வருகின்றன; அரை மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. இடைவெளியை 6 மைக்ரானாக்கலாமா? செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) நோயறிதலுக்காகச் செய்கிறோம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இடைவெளியில் கை வைக்காதீர்கள். வெள்ளையணுக்கள் 10 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும்; 6 மைக்ரான் இடுக்கில் அவைதான் முதலில் சிக்கும். குறைக்க வேண்டியது விலகலை.

2004-இல் பிரின்ஸ்டனில் இந்த முறை வெளிவந்த பிறகு, அங்கேயே ஜான் டேவிஸ் ஒரு சூத்திரம் கண்டார்: இடைவெளியை 1.4-ஆல் பெருக்கி, விலகல் விகிதத்தின் 0.48 அடுக்கால் மீண்டும் பெருக்கினால் எல்லை விட்டம் கிடைக்கும். அதைவிடப் பெரியது தூணில் முட்டி முட்டிப் பக்கவாட்டில் நகரும். சிறியது நீரோட்டத்தோடு போகும். உங்கள் சிப்புக்கு அது 3.3 மைக்ரான். மணிகள் பிரிந்ததில் வியப்பில்லை. சிவப்பணு உருண்டையல்ல, 8 மைக்ரான் அகலமும் 2 மைக்ரானை ஒட்டிய தடிமனும் உள்ள வளையும் தட்டு. ஆழமான வாய்க்காலில் அது நிமிர்ந்துகொண்டு மெல்லிய பக்கத்தைத் தூணுக்குக் காட்டுகிறது. சிப்பின் கணக்கில் அது 2 மைக்ரான் பொருள்தான். திரும்பும்போது மட்டும் பெரிதாகிறது. இரண்டு வாயிலிலும் வருவது அதனால்தான்.

10 மைக்ரான் இடைவெளியை வைத்துக்கொண்டு விலகலை 50-இல் ஒன்றாக்கினால் எல்லை 2.1 மைக்ரானுக்கு இறங்கும். விலை, நீளம்: அரை மில்லிமீட்டர் பக்கவாட்டு நகர்வுக்கு இப்போது 10 மில்லிமீட்டர் போதும், அப்போது 25 வேண்டும். அதிலும் நிமிர்ந்த சிவப்பணு எல்லைக்கோட்டிலேயே நிற்கும். வடிவத்தையே பயன்படுத்துவது இன்னொரு வழி. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆங்கில ‘ஐ’ எழுத்து வடிவத் தூண்கள் சிவப்பணுவை உருட்டிவிட்டு அதன் அகலத்தை வெளிக்கொண்டுவருகின்றன. ஸ்வீடனின் லுண்ட் குழு வாய்க்காலின் ஆழத்தைக் குறைத்து அணுவைப் படுக்கவைத்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தூக்க நோய் ஒட்டுண்ணி. ஆழம் குறைந்தால் ஓடும் அளவும் குறையும், செப்சிஸுக்கு அது கட்டாது.

எனக்குப் பெரிய கவலை இந்த ஓட்ட அளவுதான். செப்சிஸ் நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். உயிருள்ள பாக்டீரியா பல நேரம் பத்துக்கும் குறைவு. ஆகவே 10 மில்லிலிட்டராவது எடுக்க வேண்டும். பத்து மடங்கு நீர்த்தால் 100 மில்லிலிட்டர். உங்கள் வேகத்தில் அதை ஓட்டி முடிக்க ஏறக்குறைய 14 நாள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தத்தை ஊற்றிவைக்கும் பிளட் கல்ச்சர் பாட்டிலையே வழக்கமாக 5 நாள்தான் வைத்துப் பார்க்கிறார்கள்! இதுபோன்ற நூற்றுக்கணக்கான தூண் அமைப்புகளை இணையாகப் போட வேண்டும், அல்லது சுருள் வாய்க்காலுக்கு மாற வேண்டும். சுருளில் நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில் விடலாம். வாய்க்காலின் குறுகிய அளவில் 0.07 பங்குக்கு மேலுள்ள துகள்தான் அதில் ஒரு கோட்டில் குவியும். 100 மைக்ரான் வாய்க்காலில் சிவப்பணு குவியும், பாக்டீரியா குவியாது. அந்த வேறுபாட்டை வைத்தே பிரிக்கலாம்.

அடைப்புக்கு வருவோம். பஃபரை (ரத்தத்தை நீர்க்கும் உப்புக் கரைசலை) 0.2 மைக்ரான் வடிகட்டியிலும், ரத்தத்தை 40 மைக்ரான் சல்லடையிலும் விடுங்கள். சிப்பை முதலில் எத்தனாலால் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, பிறகு பஃபர், பிறகு 1 சதவீத பிஎஸ்ஏ (சுவரைப் பூசிவிடும் மாட்டு ரத்தப் புரதம்) அரை மணி நேரம். பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் சுவரில் புரதமும் தட்டணுவும் (பிளேட்லெட்) ஒட்டுவது இதனால் குறையும். உறைதலைத் தடுக்க இடிடிஏ நல்லதுதான், ஆனால் அது பாக்டீரியா வளர்ச்சியையும் தடுக்கும். பின்னால் கல்ச்சர் செய்வதானால் கல்ச்சர் பாட்டில்களில் உள்ள உறைதடுப்பானான எஸ்பிஎஸ்ஸைப் பயன்படுத்துங்கள். கிடையாக வைத்த சிரிஞ்சில் அணுக்கள் அடியில் படிந்துவிடும், முதல் பத்து நிமிட முடிவுக்கும் பிந்தையதற்கும் ஒப்பே இருக்காது. செங்குத்தாக நிறுத்தி உள்ளே சிறிய காந்தக் கலக்கி போடுங்கள்.

அளவை மட்டும் வைத்துப் பிரிப்பதில் தட்டணுக்கள் பாக்டீரியாவோடுதான் வரும். அதை ஏற்றுக்கொள்ளலாம், பிசிஆரை (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனையை) கெடுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தாலே லாபம். ஏற்க முடியாதது வேறு. 3 முதல் 6 மைக்ரான் கேண்டிடா ஈஸ்டும், கொத்தாக நிற்கும் ஸ்டஃபைலோகாக்கஸும் சிவப்பணுக்களோடு கழிவுக்குப் போய்விடும். உங்கள் சிப் எந்தக் கிருமிகளைத் தவறவிடும் என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

சோதனைக்கு ஈ.கோலை கே-12 என்ற ஆய்வக பாக்டீரியா வகையைப் புதிய ரத்தத்தில் கலந்திருந்தால் ஓர் எச்சரிக்கை: சீரத்திலுள்ள (ரத்தத்தின் திரவப் பகுதியிலுள்ள) காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் அதைக் கொன்றுவிடும், நீங்கள் சிப்பைப் பழிப்பீர்கள். அதே ரத்தத்தில் ஒரு பங்கைச் சிப்பில் விடாமல் குழாயில் அதே நேரம் வைத்திருந்து தட்டில் வளர்த்து எண்ணுங்கள். இரண்டு வாயில்களிலும், கழுவிய நீரிலும் வந்தவற்றைக் கூட்டி அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைவது எதுவோ அதுதான் சிப்பிலும் குழாய்களிலும் ஒட்டிக்கொண்டது.