மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மூன்றாவது நுண்நிதிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திண்டிவனம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். கணவர் கொத்தனார், நான் தையல் வேலை செய்வதோடு மகளிர் சுயஉதவிக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன். மாத வருமானம் சராசரியாக 18,000 ரூபாய். இரண்டு நுண்நிதி நிறுவனங்களுக்கு மாதம் 5,400 ரூபாய் தவணை கட்டுகிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மூத்த மகளுக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. தேவைப்படும் 60,000 ரூபாயை மூன்றாவதாக ஒரு நிறுவனம் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? எட்டு வயதான இளைய மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்க விரும்புகிறேன்.

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. 24 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு 60,000 ரூபாய் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,170 ரூபாய் வரும். பழைய தவணைகளோடு சேர்த்தால் 8,570 ரூபாய். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் வரம்பு 9,000 ரூபாய் என்பதால் நிறுவனம் விதியை மீறாமலேயே இந்தக் கடனைத் தர முடியும். ஆனால் அந்த 18,000 என்பது சராசரிதானே? ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும் வாரங்களிலும் தவணை நாள் தவறாமல் வரும். நீங்கள் கட்டத் தவறினால் கூட்டுப் பொறுப்பில் கையெழுத்திட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைச் சுமக்க நேரிடும். நான்கு ஆண்டு கழித்துச் சம்பளம் தரப்போகும் படிப்புக்கு, அடுத்த மாதமே திருப்பிக் கேட்கும் கடன் பொருந்தாது.

அதற்கும் முன்பாக, இந்த 60,000 ரூபாயைக் கட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையில் எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்பது குறிப்பிடப்பட்டிருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடாக இருந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021 முதல் தமிழக அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவில் கிடைத்திருந்தாலும், குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லையென்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கொண்டு கல்விக் கட்டணச் சலுகை கேட்கலாம். எந்தப் பிரிவானாலும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். பேருந்து, புத்தகச் செலவை அது பெருமளவு தாங்கும்.

இவற்றுக்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக வங்கிக் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் தொடங்காது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தின் பிள்ளைகள் தகுதியுள்ள கல்லூரியில் தொழிற்கல்வி பயின்றால், அந்த இடைக்காலத்து வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. கடன் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சேர்க்கைச் செலவுக்குச் சிறிய தொகை தேவைப்பட்டால், உங்கள் மகளிர் குழு தன் நிதியிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனைக் கேளுங்கள்; அதன் வட்டி பெரும்பாலும் நுண்நிதி நிறுவனத்தினுடையதைவிடக் குறைவு, அது குழுவின் நிதிக்கே திரும்புகிறது. என் அனுபவத்தில், தங்கள் குழுவிலேயே பணம் இருப்பதை மறந்து வெளியே கடன் தேடுபவர்கள் ஏராளம்.

பழைய கடன்களை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் அதே விதிகளில் உள்ளது. எனவே கையில் உபரிப் பணம் சேரும்போதெல்லாம் வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள்.

செல்வமகள் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் தொடங்க வேண்டும் என்பதால், பிறப்புச் சான்றிதழோடு அஞ்சலகத்துக்குச் சென்று 250 ரூபாயில் இப்போதே தொடங்கிவிடுங்கள். ஆண்டுக்கு அந்த 250 ரூபாயே போதும். 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, அதில் மூன்றிலொரு பங்கு அளவே வட்டி தரும் கணக்கில் பெருந்தொகை போடுவது நட்டம். இரண்டு கடன்களில் ஒன்று முடிந்த மாதத்திலிருந்து அந்தத் தவணையில் பாதியை இதற்குத் திருப்பிவிடுங்கள்.