பார்க்கிங்கில் புல் வெட்டச் சொல்லிக் கடிதம் வந்தால்

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீடு வாங்கி ஓராண்டு ஆகிறது. ‘உங்கள் பார்க்கிங்கில் புல் வளர்ந்துவிட்டது, உடனே வெட்டவும்’ என்று நகராட்சிக் கடிதம் வந்திருக்கிறது. கார் நிற்கும் இடம் முழுக்க சிமென்ட்தான். இதற்கிடையில் ஒருவர் கதவைத் தட்டி, ‘பார்க்கிங் மரம் பட்டுவிட்டது, நீங்கள்தான் வெட்ட வேண்டும்’ என்று 1,800 டாலர் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கையெழுத்தும் வேண்டாம்.

அயோவாவில் நடைபாதைக்கும் சாலை விளிம்புக்கும் நடுவே ஓடும் புல்பட்டைக்கும் ‘பார்க்கிங்’ என்றுதான் பேர். கார் வருவதற்கு முந்தைய சொல் அது. இதே பட்டை கிளீவ்லாண்டில் ‘ட்ரீ லான்’, ஆக்ரனில் ‘டெவில் ஸ்ட்ரிப்’, சிகாகோவில் ‘பார்க்வே’. புதிதாகக் குடிவந்தவர் இதையெல்லாம் எப்படி அறிவார்? கடிதத்தில் ‘நடைபாதைக்கு வெளியே உள்ள புல்’ என்று ஒரு வரி போடுங்கள் என்று நகராட்சியிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அதே பழைய படிவம்தான் இன்னும் வருகிறது.

புல்லை வெட்டுவது உங்கள் பொறுப்பு, கெடுவுக்குள் வெட்டிவிடுங்கள். விட்டால் நகராட்சியே வெட்டி, செலவை வீட்டு வரியோடு வசூலிக்கும்.

மரம் அப்படியல்ல. அயோவா சட்டத்தின் 364.12ஆம் பிரிவு பட்டையைப் பராமரிக்கும் வேலையை வீட்டுக்காரர் தலையில் வைக்க நகராட்சியை அனுமதிக்கிறது. ஆனால் பொதுவழியில் உள்ள நோய்ப்பட்ட மரத்தையோ காய்ந்த கட்டையையோ அகற்றச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. புல் உங்களுடையது, பட்ட மரம் அவர்களுடையது. வேலிக்கு உள்ளே, உங்கள் மனையில் நிற்கும் மரம் என்றால் செலவு உங்களுடையதுதான். அதனால் எல்லை எங்கே என்று மனை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தட்டுபவர்கள் இந்த விதிவிலக்கைச் சொல்லவே மாட்டார்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு 2010இல் அயோவாவுக்கு வந்ததிலிருந்து இவர்களுக்கு நல்ல வியாபாரம். மரத்தின் பட்டையில் ஆங்கில ‘D’ எழுத்துப் போல, மிளகைவிடச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். ஆஷ் இலை வேப்பிலை மாதிரி ஒரே ஈர்க்கில் இணை இணையாக இருக்கும். அப்படி இல்லாத மரத்தைக் காட்டி ‘வண்டு விழுந்துவிட்டது’ என்பவரும் உண்டு. ‘அனுமதி நான் வாங்கித் தருகிறேன்’ என்பதையும் நம்பாதீர்கள். நகராட்சி மரத்தைக் கேட்காமல் வெட்டினால் வம்பு உங்களுக்குத்தான்.

மரத்தைப் படமெடுத்து, நகராட்சியின் மரப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அங்கே கன்று நட நினைத்தால், அதற்கும் அவர்கள் அனுமதி வேண்டும். குழி தோண்டும் முன் 811ஐ அழையுங்கள். கேஸ் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து குறித்துக் கொடுப்பார்கள்.