பந்தைத் தொடாத வரிசையிலிருந்து 1,608 புள்ளிகள்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நிற்கும் பருத்த வீரர்களுக்கு எதிரணியைத் தடுப்பது ஒன்றே வேலை, பந்து அவர்கள் கைக்கு வருவதில்லை என்கிறார்கள். ஆனால் லூ குரோஸா என்ற முன்வரிசை வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்ததாகப் படித்தேன். அது எப்படி?

பதில்: நீங்கள் படித்தது சரியே. ஓஹையோ மாநிலத்தில் பிறந்த குரோஸா, இரண்டாம் உலகப் போரின்போது ஓகினாவாவில் இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோதே, அவருக்கு ஒப்பந்தத்தையும் உதைத்துப் பழகப் பந்துகளையும் அனுப்பிவைத்தார் பயிற்சியாளர் பால் பிரவுன். 1946இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் சேர்ந்தவர், தொடக்கத்தில் பெரும்பாலும் பந்தை உதைப்பதற்கே இறக்கப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் முன்வரிசையின் இடது ஓரத்துத் தடுப்பு வீரரான ‘இடது டேக்கிள்’ இடத்தையும் பிடித்துக்கொண்டார். உதைப்பதற்கென்றே தனி ஆளை வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அணிகள் சிறியவையாக இருந்த காலம் அது. எனவே, ஆட்டம் முழுவதும் எதிரணியோடு மோதிக் களைத்த அதே மனிதர்தான் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கவும் வர வேண்டியிருந்தது. இன்றைய உதைப்பாளர்கள் பக்கவாட்டில் ஓடிவந்து பாதத்தின் உட்புறத்தால் உதைக்கிறார்கள். குரோஸாவோ சதுர முனைச் சப்பாத்து அணிந்து, நேராக ஓடிவந்து, கால்விரல் முனையால் உதைத்தவர். ‘தி டோ’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். குறி தவறாதிருக்கத் தரையில் ஒட்டுநாடா ஒன்றை விரித்து, அதையே வழிகாட்டும் கோடாக அவர் வைத்துக்கொண்டதும், பிறகு அத்தகைய உதவிகளை விதியே தடைசெய்ததும் உண்டு. தடைக்கு வேறென்ன சொன்னாலும், அவருடைய திறமைக்கு அது ஒரு நற்சான்று என்றே நான் கொள்வேன்; 1953இல் 26 ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுப்பது) முயற்சிகளில் 23 வெற்றி என்பது அக்காலத்தில் நம்ப முடியாத கணக்கு.

அவரது உதைகளில் புகழ்பெற்றது, தூரத்தில் மிகச் சிறியதான ஒன்று. 1950 டிசம்பர் 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு எதிரான என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) இறுதி ஆட்டத்தில் கிளீவ்லாந்து 27-28 எனப் பின்தங்கியிருந்தது; நடுவில் ஒரு முறை பந்து சரியாக வந்து சேராததால் டச்டவுனுக்குப் (பந்தை எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து 6 புள்ளி எடுப்பது) பின் கிடைக்கும் ஒரு கூடுதல் புள்ளிக்கான உதையை இழந்திருந்ததே அந்த ஒரு புள்ளிக் குறைவுக்குக் காரணம். ஆட்டம் முடிய 28 வினாடிகளே இருந்தபோது, கடுங்குளிரில், 16 யார்டு தூரத்திலிருந்து குரோஸா உதைத்தார், 30-28.

முதுகுக் காயத்தால் 1960இல் ஒதுங்கியவர், அடுத்த ஆண்டு உதைப்பாளராக மட்டுமே திரும்பிவந்து 1967 வரை ஆடினார். 1974இல் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். பிரவுன்ஸ் 1949 வரை ஆடிய ஏ.ஏ.எஃப்.சி., பிறகு ஆடிய என்.எஃப்.எல். ஆகிய இரண்டு லீக்குகளிலுமாகச் சேர்த்து 264 ஃபீல்டு கோல்களுக்கு 792 புள்ளிகள், டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் உதைகளுக்கு 810 புள்ளிகள், ஆக 1,602. எஞ்சிய 6 புள்ளிகள், 1950இல் முன்வரிசை வீரரான அவர் தம் கைகளால் பந்தைப் பிடித்து எடுத்த ஒரே டச்டவுனுக்கு உரியவை.