டர்பனில் என் மனைவிக்குத் தகுதியான மனநல ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேலைக்காக டர்பன் வந்து இரண்டு வருடம் ஆகிறது, மனைவிக்குச் சரியான தூக்கம் இல்லை, அடிக்கடி அழுகிறார், தமிழ் பேசும் நல்ல கவுன்சிலர் கிடைப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. எனக்கு நடந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2021இல் கொரோனா நேரத்தில் அப்பா இறந்தார். ஊருக்குப் போக வழியில்லை. காரியம் முழுவதையும் போனில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். குடும்ப டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் ஒரு கவுன்சிலரிடமும் போனேன். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். பத்து முறை வருவதற்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை போனபோது, மாத்திரை துக்கத்தை அடைத்து வைக்கிறது, நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்தினேன். அடுத்த இரண்டு வாரம் பட்ட பாட்டை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. திரும்ப டாக்டரிடம் போனபோது அவர் திட்டவில்லை. "அவருடைய பதிவு எண் என்ன?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து தேடினோம். அப்படி ஒரு பெயரே பதிவில் இல்லை.

கவுன்சிலர், தெரபிஸ்ட், லைஃப் கோச் என்று வாசலில் பலகை இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த நாட்டில் சைக்காலஜிஸ்டும் 'ரிஜிஸ்டர்டு கவுன்சிலரும்' தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில், அதாவது எச்.பி.சி.எஸ்.ஏ.வில், பதிவு செய்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் 'ஐ-ரிஜிஸ்டர்' என்ற பகுதியில் பெயரைப் போட்டு யாரும் இலவசமாகத் தேடலாம். சைக்காலஜிஸ்டின் எண் பி.எஸ். என்றும், ரிஜிஸ்டர்டு கவுன்சிலரின் எண் பி.ஆர்.சி. என்றும் தொடங்கும். சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவர் என்பதால் அவருடைய எண் எம்.பி. என்று தொடங்கும், அந்தப் பதிவு இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய விஷயம் அது. சமூகப் பணியாளர் என்றால் அவர்களுக்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது, அங்கே தேட வேண்டும்.

யாரிடம் போவது? ரிஜிஸ்டர்டு கவுன்சிலர் நான்கு வருடப் படிப்பும் பயிற்சியும் முடித்து, தேர்வு எழுதி வந்தவர். புது ஊர், தனிமை, இழப்பு போன்றவற்றுக்குக் குறுகிய கால ஆலோசனை தருவார், கட்டணமும் பெரும்பாலும் குறைவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் முதுகலை, ஒரு வருட இன்டர்ன்ஷிப், அப்புறம் ஒரு வருட சமூக சேவை என்று முடித்தவர். நாள்பட்ட தூக்கமின்மை, தொடர்ந்த அழுகை என்றால் நான் இவரிடமே போகச் சொல்வேன். மாத்திரை தருவதோ நிறுத்தச் சொல்வதோ இந்த இருவர் வேலையும் அல்ல, அது டாக்டரின் பொறுப்பு. மெடிக்கல் எய்ட், அதாவது இங்குள்ள மருத்துவக் காப்பீடு, இருந்தால் முன்பே அவர்களிடம் பேசுங்கள். கடுமையான மனச்சோர்வு என்று கண்டறியப்பட்டால், சட்டப்படி கிடைக்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வருடத்துக்கு 15 ஆலோசனைகள் வரை வரும். நிறையப் பேர் இது தெரியாமல் கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

உங்கள் மனைவி சாவதைப் பற்றி ஏதாவது பேசினால் மேலே சொன்ன எதற்காகவும் காத்திருக்காதீர்கள். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் இலவச எண் 0800 567 567, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இல்லையென்றால் நேரே பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் பிள்ளே, மூட்லி, கோவெண்டர் என்று தமிழ்ப் பெயர்களைப் பார்த்ததும் நானும் ஆசைப்பட்டேன். 1860இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இவர்கள். காவடி எடுப்பார்கள், பாட்டியை ஆயா என்பார்கள், ஆனால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஆங்கிலம்தான். தமிழில் சரளமாகப் பேசும் சைக்காலஜிஸ்ட் கிடைப்பது கடினம். போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ பழக்கமானவரிடம் போக வேண்டாம். தெரிந்தவர்களை இந்த உறவில் சேர்க்காமல் இருப்பதே அவர்கள் தொழிலின் நெறி. டர்பனில் நம்மவர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த்தில் எனக்கு எல்லோரையும் தெரியும் என்பதால் நான் வேறு பக்கம் போனேன்.

எனக்குக் கடைசியில் கிடைத்தவருக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. ஆங்கிலத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகையே வரவில்லை. நான்காவது முறை அவர், "அப்பாவிடம் சொல்ல நினைத்ததை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரிய வேண்டியதில்லை" என்றார். கால் மணி நேரம் தமிழில் பேசினேன். அவர் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு படுத்து விடியற்காலை ஐந்து மணி வரை தூங்கினேன்.

அதனால் எண்ணைச் சரிபார்ப்பதும் மெடிக்கல் எய்டுக்குப் போன் செய்வதும் உங்கள் வேலை. இரண்டு மூன்று பெயரை எடுத்துக் கொடுங்கள், யாரிடம் போவது என்பதை மனைவியே தீர்மானிக்கட்டும். ஓரிரு முறை போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போகட்டும், பத்து முறைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். முதல் நாள் கூட்டிப் போய் விட்டுவிட்டுக் காரிலேயே காத்திருங்கள். திரும்பும் வழியில் "உள்ளே என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள்.