கேஸ் பிரிட்ஜ் எரிகிறது, குளிரவில்லை: என்ன பார்க்க வேண்டும்?

வேலூரிலிருந்து சின்ன டிரெய்லர் கேரவனில் ஏலகிரி போகிறீர்கள். கேஸ் பிரிட்ஜில் தீ எரிந்தும் தண்ணீர் பாட்டில்கூட சில்லென்று ஆகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வண்டி சமமாக நிற்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கேஸ் பிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. சுடரின் சூட்டில் அமோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே போய், திரவமாகி, தானாக வழிந்து சுற்றி வர வேண்டும். மலைச்சரிவில் சாய்வாக நிறுத்தினால் அந்த ஓட்டம் தடைபடும். அப்படியே மணிக்கணக்கில் எரியவிட்டால் உள்குழாயே அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பிரிட்ஜுக்குள் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுங்கள்.

அப்புறம் சுடர். நீலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் பர்னரில் தூசியோ சிலந்திக்கூடோ இருக்கும். சிலிண்டரை மூடி, ஆறவிட்டு, பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டில் ஊசி மட்டும் விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

வேலூரின் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெளிச்சுவரில் மேலும் கீழும் உள்ள காற்றுத் திறப்புகளை மறைக்காதீர்கள், அந்தப் பக்கம் நிழலில் இருக்கட்டும். முந்தின இரவே வீட்டில் ஓடவிட்டு, குளிர்ந்த சாமானையே உள்ளே வையுங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும்.

அமோனியா நெடியோ பின்குழாயில் மஞ்சள் கறையோ தெரிந்தால் உடனே அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கூலிங் யூனிட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.