தைப்பட்டத்துக் காய்கறித் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

தைப்பட்டம், அதாவது தை மாத விதைப்புப் பருவம் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பதில்கள் சமவெளிக்கு மட்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசகர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: வீட்டில் எல்லோரும் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்கிறார்கள். எனக்கோ பொங்கலுக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும். தையில் தொடங்கினால் காய் தேறுமா? என்னென்ன போடலாம்?
– வாசகி, தென்காசி

தாராளமாகத் தேறும். ஆனால் ஆடியில் விதைத்தால் போகப் போகக் குளிர்ச்சி. தையில் விதைத்தால் போகப் போக வெயில். ஆகவே ஒவ்வொரு பயிரும் எப்போது பூக்கும், எப்போது காய்க்கும் என்று பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது செடி வேர் பிடித்து, தரையை மூடி, காய்ப்பின் நடுவில் இருக்க வேண்டும். அந்த வெயிலில் புதிதாகப் பூக்கத் தொடங்கும் செடியை வைத்துக்கொண்டு தண்ணீர்தான் செலவாகும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது தக்காளி. நாற்றுக்கு 25 நாள், நட்டபின் முதல் பழத்துக்கு 60–65 நாள். பொங்கலன்று விதைத்தால் பழம் பறிக்க ஏப்ரல் நடுப்பகுதி ஆகிவிடும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். உரம் போட்டுச் சரிசெய்ய முடியாது. தக்காளிக்கு மார்கழித் தொடக்கத்திலேயே நாற்று விட்டிருக்க வேண்டும். தவறிவிட்டால், தை முதல் வாரம் நாற்றுப் பண்ணையில் 25 நாள் நாற்றாக வாங்கி நடுங்கள். நாட்டு ரகம் போலக் கொஞ்சம் தாக்குப்பிடிப்பது வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 நல்ல தேர்வு.

நேரடியாக விதைத்து வெயிலுக்கு முன்பே காய் பார்க்கக்கூடியவை வெண்டை (45 நாள்), காராமணி, கொத்தவரை (இரண்டும் 50–55 நாள்), சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை (25–30 நாள்). பாகல், பீர்க்கு, புடலை, சுரைக்கு இதுதான் உரிய பட்டம். கத்திரியும் மிளகாயும் நாற்றாக வாங்கி நட்டால் கோடையைத் தாண்டிவிடும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீன்ஸ் விதைப் பொட்டலங்கள் கடையில் தொங்கும். தையில் அவற்றை வாங்காதீர்கள்.

நால்வர் உள்ள வீட்டுக்கு வெண்டை 15–20 செடி, கத்திரி 5, மிளகாய் 5, கொடிக்காயில் இரண்டு குழி போதும். வெண்டைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி. கீரையை ஒரே நாளில் கொட்டிவிடாமல் பத்து நாளைக்கு ஒரு பாத்தி என்று பிரித்து விதையுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வடக்கே பத்தடி அகல இடம் இருக்கிறது. இப்போது பார்த்தால் பாதி இடம் நிழலாகவே கிடக்கிறது. தோட்டம் போடலாமா?
– வாசகர், சேலம்

போடலாம். இன்று தெரியும் நிழலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். பத்தடி உயரச் சுவரின் நடுப்பகல் நிழல் வடக்கே ஆறரை அடி வரை விழும். நாளாக ஆக நிழல் சுவரை நோக்கிச் சுருங்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் வரை நடுப்பகல் நிழல் தெற்குப் பக்கம்தான். உங்கள் வடக்குப் பக்கம் முழு வெயிலில் நிற்கும்.

எனவே சுவரை ஒட்டி, நிழலில் தொடங்கி வெயிலில் முடியும் பகுதியில் கீரை, புதினா, கத்திரி நாற்று. சுவரிலிருந்து ஏழடிக்கு அப்பால் வெண்டையும் கொத்தவரையும். இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே ஆறு மணி நேர வெயில் வேண்டும். பந்தலை மேற்கு ஓரத்தில் ஆறடி உயரத்தில் போடுங்கள். கோடையில் செடியை வாட்டுவது பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அடிக்கும் மேற்கு வெயில். பாகல் கொடி அதைத் தடுத்துவிடும்.

கேள்வி: புது வீடு. மண்ணைத் தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியுமாக வருகிறது. போன வருடம் வைத்த செடிகளில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. பாத்தி எப்படி அமைப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை கூடிவிடும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நீங்கள் பார்த்த மஞ்சள் அதுதான். எத்தனை டானிக் தெளித்தாலும் கட்டிகள் உள்ளே இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும்.

பாத்தி பத்தடி நீளம், நான்கடி அகலம். அதற்குமேல் அகலம் வைத்தால் நடுவில் கை எட்டாது, உள்ளே கால் வைத்து மண்ணை இறுக்கிவிடுவீர்கள். ஓர் அடி ஆழம் தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து, கல்லும் காரையும் வெளியே போகட்டும். குறையும் மண்ணுக்குச் செம்மண் சேருங்கள். பத்து நாள் வெயிலில் ஆறப்போட்ட பிறகு, இந்த 40 சதுர அடிக்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 400 கிராம். தொழுவுரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துப் போட்டால் இன்னும் நல்லது. எல்லாம் போட்டு நனைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் விதை.

தொழுவுரம் மக்கியதா என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். கையில் அள்ளினால் சாண வாசனை இருக்கக் கூடாது, உள்ளே சூடு இருக்கக் கூடாது, உதிர வேண்டும். பச்சைச் சாணம் கறையானை இழுக்கும். பாதி மக்கிய எருவில் காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். கொட்டிக் கிளறிப் பொறுக்கிவிட்டே பாத்திக்குள் கொண்டு போங்கள்.

மேட்டுப்பாத்தி இப்போது எல்லோரும் போடுகிறார்கள். மழைக்காலத்துக்குச் சரி. தைப்பட்டத்துக்கு அது நான்கு பக்கமும் காய்ந்துபோகும் பாத்தி. தரை மட்டத்திலிருந்து மூன்று அங்குலம் தாழ்வாக, சுற்றி வரப்பு கட்டிய சாதாரணப் பாத்தியே கோடையில் ஈரம் பிடிக்கும். தண்ணீர் அரை நாளுக்கு மேல் தேங்கி நிற்கும் களிமண்ணாக இருந்தால் மட்டும் மட்டத்தை உயர்த்துங்கள்.

கேள்வி: கத்திரி, மிளகாய் நாற்று நன்றாக முளைக்கிறது. ஒரு வாரத்தில் அடித்தண்டு நைந்து கூட்டமாகச் சாய்கிறது. கீரை விதையோ முளைப்பதே இல்லை.
– வாசகி, திண்டுக்கல்

முதலாவது நாற்றழுகல். மண்ணில் உள்ள பூஞ்சை. அதற்கு வழி திறந்துவிடுவது நெருக்கமான விதைப்பும் சாயங்காலத் தண்ணீரும். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை குழித்தட்டில், மக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை அங்குல ஆழம். விதைக்கும் முன் விதையோடு டிரைக்கோடெர்மாவைப் பிசிறிக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது அளவு, வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை. காலையில் மட்டும் தண்ணீர், மேற்பரப்பு வெளுத்த பிறகே அடுத்த முறை. முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நிழலில் நெட்டையாக வளர்ந்த நாற்றுதான் முதலில் சாயும். கத்திரி 30–35 நாளிலும் மிளகாய் 35–40 நாளிலும் நடவுக்குத் தயார். கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்கி, மாலை நான்கு மணிக்கு மேல் நடுங்கள்.

கீரை விதையை எறும்பு தூக்கியிருக்கும். விதைத்ததும் பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவு தூவுங்கள். எறும்பு அதை அள்ளிக்கொண்டிருக்கும்போது விதை முளைத்துவிடும். விதையை அதைப் போல் பத்து மடங்கு மணலில் கலந்து தூவி, கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடாமல், பூவாளியால் தண்ணீர் விடுங்கள். குழாயை நேராகத் திறந்துவிட்டால் விதை ஓரமாக ஒதுங்கிவிடும்.

கேள்வி: மாடியில் பைகளில் வைக்கிறோம். தென்னை நார்க்கட்டி வாங்கிக் கலந்தோம். செடி வெளுத்து நின்றுவிடுகிறது.
– வாசகர், தாம்பரம்

கழுவாத நாரில் உப்பு. மக்காத நாரில் வேறொரு சிக்கல், அது மக்குவதற்காகச் செடிக்குரிய தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 60–70 லிட்டர் நார் வரும். ஊறிய தண்ணீரைப் பழுப்பு நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்டுங்கள். செம்மண், நார், மக்கிய உரம் சம பங்கு. ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பை முக்கால்வாசி நிறைந்தால் போதும்.

நனைந்த பை 15 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் உள்ள ஓரங்களில், செங்கல்மேல் வையுங்கள். பங்குனி பிறந்ததும் 35 அல்லது 50 சதவீத நிழல்வலையை ஏழடி உயரத்தில் கட்டுங்கள். தையிலேயே கட்டினால் காய்ப்பு குறையும்.

கேள்வி: பீர்க்கு, சுரை, பாகல் மூன்றும் பந்தல் முழுக்கப் பூக்கிறது. பிஞ்சு ஓர் அங்குலம் வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. என்ன மருந்து அடிப்பது?
– வாசகி, மன்னார்குடி

முதலில் விழுந்த பிஞ்சு ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. புழு நெளிந்தால் பழ ஈ. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இந்தக் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் பிஞ்சு அப்போதே தெரியும். முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூவே வரும், அது உதிர்வது இயல்பு. பிறகும் பிஞ்சு நிற்காவிட்டால் கையால் சேர்த்துவிடுங்கள். எல்லோரும் காலையில் போய்ச் செய்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். பாகலும் பூசணியும் விடியற்காலையில் மலரும். எட்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். புடலை இருட்டும் வேளையில். புதிதாக விரிந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழை நீக்கி, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். மாலை மருந்துத் தெளிப்பு அந்தப் பூக்களுக்கு வரும் அந்துப்பூச்சிகளை விரட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுரையில் பெண் பூ குறைவென்றால் தண்டு பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள்; பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம்.

பழ ஈ என்றால், பிஞ்சில் ஊசி குத்திய தழும்பும் காய்ந்த பிசின் துளியும் இருக்கும், காய் ஒரு பக்கம் வளையும். விழுந்ததை உரக்குழியில் போடாதீர்கள்; புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நான்கு நாள் வெயிலில் போடுங்கள். கொடியின் அடிமண்ணை வாரம் ஒருமுறை கொத்திவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி (வாசனையால் ஆண் ஈயை இழுத்துப் பிடிப்பது) வாங்கும்போது கொடிக்காய் ஈக்கானது என்று கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கு விற்பதில் இது விழாது. இருக்கும் பத்துப் பிஞ்சுக்கு மருந்தைவிடக் காகிதப் பை கட்டுவதே மேல்.

அடுத்த முறைக்கு: குழி ஒன்றரை அடி, தொழுவுரம் 10 கிலோ, ஐந்து விதை. முளைத்ததில் வலுவான இரண்டை விட்டு மற்றதைப் பிடுங்காமல் நறுக்கிவிடுங்கள்.

கேள்வி: வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகிறது. மிளகாய் இலை சுருள்கிறது. இரண்டும் ஒரே நோயா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. வெண்டையில் வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் வைரஸ்; பிடித்த செடியை அன்றே பிடுங்குங்கள். இதை எதிர்ப்பதற்காகவே வந்த அர்கா அனாமிகா என்ற வெண்டை ரகமும் இப்போது பல இடங்களில் தாங்குவதில்லை. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனைய மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

கேள்வி: கோடையில் எவ்வளவு தண்ணீர்? எங்கள் போர் தண்ணீர் சற்று உப்பு.
– வாசகி, ராமநாதபுரம்

முழுதாக வளர்ந்த 40 சதுர அடிப் பாத்தி ஏப்ரலில் நாளொன்றுக்கு 20–25 லிட்டர் குடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று குடம் ஆழமாக விடுவது, தினம் மேலாக நனைப்பதைவிட நல்லது. வேர் கீழே இறங்கும். நான்கு நாள் காயவிட்டு ஒரே நாளில் கொட்டினால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும். அது நோயல்ல, தண்ணீர் சீராக இல்லாததால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததன் விளைவு.

பொங்கல் கரும்பின் தோகையை எறியாமல் நறுக்கி, செடியின் தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மூன்று அங்குல மூடாக்காகப் போடுங்கள். உப்புத் தண்ணீருக்கு இது இரட்டிப்பாக உதவும், ஈரம் ஆவியாகும்போதுதான் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். கொத்தவரையும் காராமணியும் உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. கோடை மழை ஒன்று பெய்தால் அன்று வரப்பைத் திறக்காமல் தண்ணீரை உள்ளேயே நிறுத்துங்கள், படிந்த உப்பு கீழே இறங்கிவிடும்.