டியூபா வாசிப்பவரை மரியாதையாகக் காட்டிய படம் உண்டா?

கேள்வி இது: "படத்திலும் தொடரிலும் டியூபா வாசிப்பவர் என்றாலே குண்டான, அசட்டுத்தனமான ஓர் ஆளைத்தான் காட்டுகிறார்கள். அவரை ஒழுங்காகக் காட்டிய படம் ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல் என்றால் 1936இல் வந்த ஃபிராங்க் காப்ராவின் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தைச் சொல்வேன். அதற்குப் போகும் முன், இந்தக் கேலி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நான் பள்ளி பேண்டில், டியூபாவைவிடச் சிறிய ஊதுவாத்தியமான யூபோனியம் ஊதியவன். பக்கத்து நாற்காலியில் பேஸ் பகுதி, அதாவது இசைக்கு அடித்தளமான தாழ்ந்த சுரங்கள், ஊதிக்கொண்டிருந்த அண்ணன்களைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு ஈடுபாடு அதிகம்.

டியூபா, தாழ்ந்த சுரங்களை ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். வளைத்துச் சுற்றிய குழாயை நீட்டினால், பி பிளாட் டியூபாவில் பதினெட்டு அடி வரும். அத்தனை நீளத்துக்கும் காற்றை அனுப்ப வேண்டும் என்றால் வாசிப்பவர் நன்றாக மூச்செடுத்துதான் ஆக வேண்டும். கேமராவுக்கு இதுவே போதும்: உப்பிய கன்னம், சிவந்த முகம், மடி நிறையப் பித்தளை. ஆனால் பெரிய காரணம் வேறு. மார்ச் இசையிலும் வால்ட்ஸ் இசையிலும் டியூபாவுக்குப் பெரும்பாலும் தாளத்தின் வலுவான இடங்கள்தான் கிடைக்கும். மெட்டு ட்ரம்பெட் போன்ற கார்னெட்டிடம் இருக்கும், இடையில் வரும் எதிரடிகள் ஹார்ன் என்ற இன்னொரு பித்தளை வாத்தியத்திடம் இருக்கும். இந்த ஒருவரை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து ஓர் அறையில் உட்காரவைத்தால், கேட்பதெல்லாம் "பூம்... பூம்" மட்டும்தான். சிரிப்பு அங்கேதான் வருகிறது. ஒரு பாலத்தின் ஒற்றைத் தூணை மட்டும் பார்த்தால் அது என்னவென்று யாருக்கும் புரியாது, இல்லையா?

அமெரிக்க கார்ட்டூன் தொடரான 'ஃபேமிலி கை'யில் ஒரு காட்சி உண்டு. ஸ்டூவி என்ற குழந்தை, தெருவில் போகும் ஒரு குண்டு மனிதருக்குப் பின்னாலேயே டியூபா ஊதிக்கொண்டு போகும். அந்த ஓசைக்கு உலகம் கொடுத்திருக்கும் இடம் அவ்வளவுதான் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதே தனி உழைப்பு.

இதற்கு நேர் எதிரானது 'டப்பி தி டியூபா'. 1945இல் பால் டிரிப் எழுதி ஜார்ஜ் கிளைன்சிங்கர் இசையமைத்த குழந்தைக் கதை. 1947இல் ஜார்ஜ் பால் இதைப் பொம்மை அசைவுப் படமாக எடுத்தார், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. எப்போதும் 'பூம் பூம்' மட்டுமே வாசிக்க வேண்டியிருக்கிறதே, நமக்கும் ஒரு மெட்டு கிடைக்காதா என்று டப்பி ஏங்குகிறது. ஆற்றங்கரையில் ஒரு தவளை அதற்கு ஒரு மெட்டைக் கற்றுக்கொடுக்கிறது. இங்கே மனிதருக்குப் பதில் வாத்தியமே நாயகன். ஆனாலும் பேஸ் வாசிப்பவர்களின் மனதில் இருப்பதை முதலில் திரையில் வாய்விட்டுச் சொன்னது இந்தக் குட்டிப் படம்தான் என்று நினைக்கிறேன்.

சரி, டீட்ஸ். கேரி கூப்பர் நடித்த லாங்ஃபெல்லோ டீட்ஸ், வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர்க்காரர். வாழ்த்து அட்டைகளுக்குக் கவிதை எழுதிப் பிழைப்பவர், ஊர் பேண்டில் டியூபா. இறந்துபோன மாமா விட்டுச்சென்ற இரண்டு கோடி டாலர் அவருக்கு வருகிறது. செய்தி சொல்ல வந்த வக்கீல்கள் அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். இவரோ டியூபாவைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்கிறார். பிறகு நியூயார்க்குக்கு வழியனுப்ப ஊரே ரயில் நிலையத்தில் கூடுகிறது, பேண்ட் முழங்குகிறது. வழியனுப்பப்பட வேண்டியவரைக் காணவில்லை என்று தேடினால், அவர் பேண்டுக்குள்ளேயே நின்று தன் பகுதியை ஊதிக்கொண்டிருக்கிறார்! எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் இது. பேஸ் வாசிக்கிறவருக்கு இது உடனே புரியும். நான் விலகினால் அடியில் ஒன்றும் இருக்காதே என்ற பொறுப்பு அது. விழா எனக்காகவே நடந்தாலும் என் பகுதியை நான்தான் ஊத வேண்டும்.

நகரம் அவரைக் கிண்டல் செய்கிறது. காதலிப்பவள் என்று அவர் நம்பிய பெண், ஜீன் ஆர்தர் நடித்த பேப் பென்னட், உண்மையில் செய்தியாளர். அவரைக் கேலிப்பொருளாக்கிப் பத்திரிகையில் எழுதுகிறாள். பணத்தை நிலமில்லாத விவசாயிகளுக்குப் பண்ணை வாங்கிக் கொடுக்க அவர் முடிவெடுத்ததும், மனநிலை சரியில்லை என்று வழக்குப் போடுகிறார்கள். அந்த வழக்கில் டியூபாவும் ஒரு சாட்சியமாகிறது. இப்படி நேரங்கெட்ட நேரத்தில் டியூபா ஊதுகிறவர் சரியான ஆளாக இருக்க முடியுமா என்பது வாதம்.

மனம் உடைந்து வெகுநேரம் வாயே திறக்காத டீட்ஸ் கடைசியில் பேசுகிறார். யோசிக்கும்போது மனிதர்கள் எல்லோருமே ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள் என்கிறார். நீதிபதி காகிதத்தில் உள்ள எழுத்துகளின் வட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார், மனநல மருத்துவர் கிறுக்கிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் மூக்கைச் சுளிக்கிறார், ஒருவர் விரல்களைச் சொடுக்கெடுக்கிறார். நான் டியூபா வாசிக்கிறேன், அவ்வளவுதான். மருத்துவரின் காகிதத்தை வாங்கி, அவர் கிறுக்கிய படத்தை எல்லோருக்கும் காட்டவும் செய்கிறார். நீதிமன்றம் சிரிக்கிறது. இந்த முறை சிரிப்பு டியூபாவைப் பார்த்து இல்லை.

இதில் இன்னொன்றும் உண்மை. டியூபா உண்மையிலேயே யோசிக்க உதவும் வாத்தியம். நீண்ட ஒற்றைச் சுரங்களை ஊதிப் பழகும்போது மூச்சு சீராகும், மனம் அடங்கும். திரைக்கதை எழுதிய ராபர்ட் ரிஸ்கினுக்கு இது தெரிந்திருந்ததோ இல்லையோ, பொருத்தம் அபாரம். காப்ராவுக்கு இந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது.

அடுத்து ஜப்பான். பள்ளி ஊதுவாத்தியக் குழுக்களை அங்கே போல வேறெங்கும் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார்களா தெரியாது. கியோட்டோ அனிமேஷன் 2015இல் தொடங்கிய 'ஹிபிகே! யூஃபோனியம்' தொடர், ஆயானோ தகேதாவின் நாவலிலிருந்து வந்தது. கதை நடப்பது ஊஜி நகரத்து கிதாவுஜி உயர்நிலைப் பள்ளியில். நாயகி குமிகோ யூபோனியம் வாசிப்பவள் என்பதால் நான் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் மனதில் தங்கியவள் அவளுடைய தோழி ஹாசுகி காதோ.

ஹாசுகி நடுநிலைப் பள்ளியில் டென்னிஸ் ஆடியவள். வாத்தியம் எதுவும் தெரியாமல் குழுவில் சேர்ந்து, டியூபா கைக்கு வருகிறது. ஆரம்ப உற்சாகம் வடிய அதிக நாள் ஆகவில்லை. தனியாக உட்கார்ந்து ஒரே மாதிரி ஊதிக்கொண்டிருந்தால் இதில் என்ன சந்தோஷம் என்று சோர்ந்துபோகிறாள். அப்போது குமிகோவும், கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் இன்னொரு தோழியும் அவளோடு சேர்ந்து 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' வாசிக்கிறார்கள். எளிமையிலும் எளிமையான பாட்டு. ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்த நொடியிலேயே இவள் ஊதும் சுரத்துக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மேலே நான் இவ்வளவு இழுத்துச் சொன்னதை அந்தத் தொடர் ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது.

முதல் வருடம் போட்டிக் குழுவில் ஹாசுகிக்கு இடம் கிடைப்பதில்லை. அகாத்தா திருவிழா அன்று தனக்குப் பிடித்த பையனிடம் மனதைச் சொல்கிறாள், அவன் மனம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டையும் தாங்கிக்கொண்டு, தேர்வானவர்களுக்கு உதவியாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் குண்டாக வரையவில்லை, அசடாக எழுதவில்லை. அதே பகுதியில் இருக்கும் கோத்தோ, ரிக்கோ என்ற இரண்டு மூத்த டியூபாக்காரர்களும் அப்படித்தான். அதிகம் பேசாத, நம்பி நிற்கக்கூடிய மனிதர்கள். பேஸ் பகுதியின் குணமே அதுதான் என்பேன்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு வந்தால் நிலைமையே வேறு. அங்கே டியூபாக்காரர் தெருவின் ராஜா. உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சூசஃபோன்தான் அங்கே வழக்கம், பேச்சில் அதையும் டியூபா என்றே சொல்வார்கள். ஹெச்பிஓவின் 'ட்ரேமே' தொடர் (2010 முதல் 2013 வரை) கத்ரீனா புயலுக்குச் சில மாதங்களுக்குப் பிறகு நடக்கும் ஒரு 'செகண்ட் லைன்' ஊர்வலத்தோடு, அதாவது பேண்டுக்குப் பின்னால் மக்கள் ஆடிக்கொண்டே போகும் ஊர்வலத்தோடு, தொடங்குகிறது. அதில் வாசிப்பது நிஜமான ரீபர்த் பிராஸ் பேண்ட். 1983இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிலிப் 'டியூபா ஃபில்' ஃபிரேசியர்தான் சூசஃபோன். நடிகர் யாரும் தேவைப்படவில்லை. வாசிக்கும் முன் கூலி பேசுவதையும் காட்டுகிறார்கள், அதுவும் எனக்குப் பிடித்தது. அந்த ஊரில் பல பாட்டுகள் டியூபாவின் ஓட்டத்தில்தான் தொடங்கும், மற்றவர்கள் அதன்மேல் வந்து ஏறுவார்கள். 'பூம் பூம்' இல்லை அது. கால் தானாக நகரும்.

முகமே தெரியாமல் திரையில் வாழ்ந்த டியூபாக்காரர்களையும் விட மனமில்லை. 1975இல் வந்த 'ஜாஸ்' (Jaws) படத்தில் சுறா வரும்போது கேட்கும் அந்த இரண்டு சுரங்களை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே மிதந்து வரும் உயரமான மெட்டை வாசித்தவர் டாமி ஜான்சன், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோ டியூபா கலைஞர். ஹார்னுக்கு வசதியான உயரம் அது. இருந்தும் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் டியூபாவுக்கு எழுதினார், காரணம் அந்த உயரத்தில் அதன் குரலில் ஏறும் மிரட்டல். இரண்டு வருடம் கழித்து 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' படத்தில் வேற்றுக்கிரகத் தாய்க்கப்பல் மனிதர்களுக்குப் பதில் சொல்கிறது அல்லவா, அந்தக் குரலும் டியூபாதான். வாசித்தவர் ஜிம் செல்ஃப். அந்த முதல் முழக்கத்தில் கண்ணாடி நொறுங்கும்போது தியேட்டரில் யாருக்கும் சிரிப்பு வராது. டியூபாவுக்கு மெட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று டப்பி கேட்டதற்கு இவை இரண்டும் பதில்.

கடைசியாக ஒன்று. அலிசன் ஓ'டேனியல் என்ற காதுகேளாத இயக்குநர் எடுத்த 'தி டியூபா தீவ்ஸ்' (2023). 2011 முதல் 2013 வரை லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரப் பள்ளிகளிலிருந்து டியூபாக்கள் திருடுபோயின. அந்தச் செய்தியிலிருந்து தொடங்கும் படம் திருடர்களைத் தேடிப் போகவில்லை. ஓசை ஒன்று இல்லாமல் போனால் மிச்சம் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், கேட்பது என்றால் என்ன என்பதைத்தான் தேடிப் போகிறது. பொறுமை வேண்டும் படம். பேஸ் இல்லாத பேண்டை ஒருமுறையாவது கேட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னும் எடுக்க வேண்டிய ஒரு கதையும் எனக்குள் இருக்கிறது. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' சிம்பொனியில் டியூபாவுக்கு வேலை இரண்டாம் பகுதியில் மட்டும், அதுவும் ஒரு சில சுரங்கள்தான். முக்கால் மணி நேரக் கச்சேரி முழுக்க அந்த மனிதர் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்தியம் குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும், அதனால் சத்தமில்லாமல் உள்ளே மூச்சை விட்டுச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், தன் இடம் வரும்வரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாலையை அவர் பக்கத்திலிருந்து யாராவது எடுத்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன். அதுவரை, நீங்கள் டீட்ஸிலிருந்து தொடங்குங்கள்.